இருபத்தைந்தா, நாற்பத்தாறா

பொன்னுலிங்கம் கேட்ட கேள்விக்கு ஜெசிந்தா டீச்சர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பதில் சொல்லவில்லை.

கேள்வி சின்னது. பாகம் பாகமாகப் பெட்டியில் வாங்கிய, ரேடியோவால் ஓட்டும் விமானம் ஒன்றை அவர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். பால்சா மரத்தில் வெட்டிய விலாக்கள், ஐந்தடி இறக்கை. அதற்கு எந்த என்ஜின் போடலாம்? பெட்டியின் மேல் இருபத்தைந்திலிருந்து நாற்பத்தாறு வரை என்று அச்சடித்திருந்தது. எண் கூடினால் என்ஜின் பெரிது. அவ்வளவுதான் விஷயம்.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் கிடந்தது. முக்கால்வாசி இடத்தில் மிளகாய் வத்தல் காய்ந்தது. மிச்ச இடத்தில் ஞாயிறு காலையில் ஆறு மணியிலிருந்து வெயில் ஏறும்வரை சின்ன விமானங்கள் பறந்தன.

டீச்சருக்கு முப்பத்தாறு வயது. பத்து வருஷம் கல்லூரி மாணவர் படைக்கு விமானம் செய்யவும் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தவர். இப்போது பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர். அதிகம் பேசமாட்டார். ஓடுதளத்துக்கு அவர் வைத்திருந்த சட்டமும் ஒன்றுதான்.

"விமானம் கண்ணில் இல்லாதவன் கையில் ரேடியோ இருக்கக் கூடாது."

போன் பேசிக்கொண்டே ஓட்டிய ஒருவனை அந்தச் சட்டப்படி அன்றைக்கே அனுப்பிவிட்டார். அவன் ஆறு மாதம் கழித்து வந்து கெஞ்சியும் சேர்க்கவில்லை.

முதல் ஞாயிறு பொன்னுலிங்கம் கேட்டபோது டீச்சர் அவருடைய காலணியைப் பார்த்தார். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது.

"எதுல வந்தீங்க அண்ணாச்சி?"

"பஸ்ல. மெயின் ரோட்டு விலக்குல இறங்கி நடந்தேன்."

"ரெண்டு கிலோமீட்டர் இருக்குமே. பைக் இல்லையா?"

"முட்டி வலி டீச்சர். வித்துட்டேன்."

"முட்டி வலிக்காரர் ரெண்டு கிலோமீட்டர் நடந்தீங்களா?"

பொன்னுலிங்கம் கையிலிருந்த பெட்டியின் மூடியைச் சரிசெய்தார். பக்கத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த பல் டாக்டர் கோமதிநாயகம் அவரைக் காப்பாற்றினார்.

"அண்ணாச்சி, என்ஜினே வேண்டாம்கிறேன். கரன்ட் மோட்டார் போடுங்க. பேட்டரியை மாட்டினோமா, பறந்தோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கும். சட்டையெல்லாம் என்ஜின் கக்குற விளக்கெண்ணெய் நாத்தம் அடிக்காது."

"எனக்கு என்ஜின்தான் வேணும் டாக்டர்."

"ஏன்?"

"சத்தம்."

"நாள் பூரா டிரில் சத்தம் கேக்கிறவன்யா நான். இங்க வர்றதே அது இல்லாம இருக்கத்தான்."

"எனக்குச் சத்தம் வேணும்," என்றார் பொன்னுலிங்கம்.

டீச்சர் பெட்டியின் மேல் இருந்த எண்களைப் பார்த்தார்.

பொன்னுலிங்கம் இருபத்தாறு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர். ஒன்றேகால் வருஷத்துக்கு முன் கண் பரிசோதனையில் அவரை இறக்கிவிட்டார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரங்கள் செத்துப்போயிருந்தன. இப்போது ஓர் அலுவலகத்தில் பைல் கட்டும் வேலை. உலகம் அவருக்கு ஒரு பைப் வழியாகத் தெரிந்தது. பைப்புக்குள் இருப்பதெல்லாம் துல்லியம். ஊசியில் நூல் கோர்ப்பார். விலாக்களை அரை மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்டுவார். பைப்புக்கு வெளியே ஒன்றும் இல்லை. இருட்டுகூட இல்லை. சும்மா, இல்லை.

ஒரு என்ஜினை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சின்ன என்ஜினையும் யாரும் வாங்கிவிடக் கூடாது என்று நினைத்தார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு டீச்சர் தன்னுடைய கரன்ட் விமானத்தை எடுத்துவந்தார். இரண்டு ரேடியோக்களை ஒரு வயரால் இணைத்தார். ஒன்று பொன்னுலிங்கத்தின் கையில், இன்னொன்று டீச்சர் கையில். சீடன் தடுமாறினால் டீச்சர் தான் அமுக்கிப் பிடித்திருக்கும் பொத்தானை விட்டுவிடுவார், விமானம் டீச்சர் கைக்கு வந்துவிடும்.

விமானம் பஞ்சு மாதிரி ஏறியது. பைப்புக்குள் இருந்தவரை பொன்னுலிங்கம் அழகாக ஓட்டினார். பிறகு அது இடது பக்கம் சாய்ந்து பைப்பைவிட்டு வெளியே போயிற்று. அவர் தலையை இடதுபுறம் திருப்பினார். வானம். இன்னும் திருப்பினார். ஒரு கரிச்சான் குருவி. வலதுபுறம் திருப்பினார். வானம்.

"என் கையில இருக்கு," என்றார் டீச்சர்.

ஐந்து தடவை ஏறியது. ஐந்து தடவையும் டீச்சர் கைக்குப் போயிற்று.

"சத்தமே இல்லை டீச்சர். அதான் பிடிபடலை."

"சரி."

"என்ஜின் எது போடலாம்னு கேட்டேனே."

"ரெக்கை ஒட்டி முடிச்சாச்சா?"

"முடியப்போகுது."

"முடிங்க."

மூன்றாம் ஞாயிறு டீச்சர் என்ஜின் விமானம் ஒன்றைக் கொண்டுவந்தார். மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளை ஊற்றி, பிளக்கைச் சூடேற்றி, குச்சியால் விசிறியைத் தட்டினார். ஒரு தும்மல். இன்னொரு தட்டு. பிறகு வீலென்ற ஒலி பிடித்துக்கொண்டது.

வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த பூரணத்தம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "விளக்கெண்ணெ குடிச்சவன் எங்க ஓடுவான்னு எனக்குத் தெரியும். இது எங்க ஓடுது?"

பொன்னுலிங்கம் சிரித்தார். அன்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது. சத்தம் ஒரு கயிறு மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே தலையைத் திருப்பினார், அங்கே விமானம் இருந்தது. மறுபடியும் திருப்பினார், இருந்தது. ஒரு முழு வட்டம் போட்டார். இன்னொன்று போட்டார். டீச்சர் பொத்தானை விடவே இல்லை.

"அண்ணாச்சி கலக்குறார்," என்றார் கோமதிநாயகம்.

அப்போது மேல்காற்று எழும்பியது. சத்தத்தை அள்ளிக்கொண்டு போய் ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய கொட்டகைச் சுவரில் அடித்தது. சுவர் அதைத் திருப்பி அனுப்பியது. பொன்னுலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே விமானம் இல்லை. இருக்கிறது என்றே காது சொன்னது. அவர் கைப்பிடியைச் சாய்த்தார்.

"எம்மா!" என்று பூரணத்தம்மாள் கத்துவது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

டீச்சரின் பொத்தான் டிக்கென்றது. விமானம் பூரணத்தம்மாளின் தலைக்கு நாலடி மேலே எழும்பிப் போயிற்று. நாலைந்து வத்தல் கூடவே பறந்து விழுந்தன.

"யோவ் அண்ணாச்சி! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு உமக்கு? என் மேல விழுந்துச்சுன்னா, விறகா வெட்டி அடுப்புல வெச்சிருவேன் பாத்துக்கிடும்!"

டீச்சர் விமானத்தை இறக்கினார். பூரணத்தம்மாளிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். பிளாஸ்க்கைத் திறந்தார்.

பொன்னுலிங்கம் தரையில் உட்கார்ந்து துணியால் இறக்கையில் படிந்த எண்ணெயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

வெகு நேரம் கழித்து வலது பக்கத்தில் குரல் கேட்டது.

"டீ."

அவர் திரும்பினார். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி டீச்சரின் கையில் டம்ளர் இருந்தது.

"எப்ப வந்தீங்க டீச்சர்?"

"நீட்டிக்கிட்டே நிக்கேன். ஆடை படிஞ்சிருச்சு பாருங்க."

அவர் டம்ளரை வாங்கினார். ஆடை படிந்துதான் இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார் டீச்சர்.

பொய் சொல்ல ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் இருந்தது. அவர் குடித்தார்.

"ரெண்டு வருஷமா இருக்கும். கண்டுபிடிச்சு ஒண்ணேகால் வருஷம்."

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"ஒரு மிஷின் டீச்சர். தலையை ஒரு கிண்ணத்துக்குள்ள விடணும். உள்ள அங்கங்க லைட் மின்னும். மின்னினா கையில இருக்கிற பட்டனை அமுக்கணும். எனக்கு நடுவுல மட்டும்தான் மின்னுச்சு. சும்மா இருந்தா தெரிஞ்சுபோகும்ல? அதனால தாளம் வெச்சு அமுக்கினேன்."

"தாளமா?"

"தண்டவாள மூட்டுத் தாளம். டடக் டடக். டடக் டடக். இருபத்தாறு வருஷம் கேட்டது. அதுல தப்பு வராது."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"'சார், லைட்டே போடாதப்பவும் அமுக்கிக்கிட்டு இருக்கீங்க'ன்னார்."

டீச்சர் சிரித்துவிட்டார். பொன்னுலிங்கமும் சிரித்தார். அந்த நாளை நினைத்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்ற பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"சட்டம் எனக்குத் தெரியும் டீச்சர். பெட்டியை யாராவது நல்ல பையனுக்குக் குடுத்திடுங்க. சுத்தமா ஒட்டியிருக்கேன்."

"உட்காருங்க. கேள்வி கேட்டீங்களே?"

"இனிமே எந்த என்ஜினா இருந்தா என்ன?"

"உட்காருங்க அண்ணாச்சி. நான் ஒண்ணு கேக்கேன். எத்தனை வேகன் இழுத்தீங்க?"

"ஐம்பத்தெட்டு."

"கடைசி வேகன் உங்க கண்ணுக்குத் தெரியுமா?"

"வளைவுல தெரியும். நேர்ப் பாதையில எங்க தெரியும்? முக்கால் கிலோமீட்டர் பின்னால வருது."

"அப்போ அது வருதா இல்லையான்னு?"

"தெரியும்."

"எப்படி?"

இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல அவர் டீச்சரைப் பார்த்தார்.

"இழுவையில தெரியும் டீச்சர். வண்டி எடுக்கும்போது வேகனை வேகனோட மாட்டுற கப்ளிங் ஒவ்வொண்ணா விறைக்கும். டக், டக், டக்னு பின்னால ஓடிக்கிட்டே போகும். அப்படியே முதுகுல ஏறும். கடைசி டக் வந்தாத்தான் வண்டி என் வண்டி. அதுவரைக்கும் என்ஜின் வேற, வண்டி வேற."

டீச்சர் ஆறின டீயை வாங்கிக் கீழே ஊற்றினார். வேறு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் ரெக்கையைக் கொண்டாங்க. மேல தாள் ஒட்டாதீங்க. விலா எலும்போடயே வேணும்."

நான்காம் ஞாயிறு டீச்சர் ஒரு பழைய துணியை விரித்தார். அதில் இரண்டு என்ஜின்களை வைத்தார். ஒன்று பெரியது, பளபளவென்று இருந்தது, நாற்பத்தாறு. இன்னொன்று சின்னது, எண்ணெய்க் கறுப்பு ஏறியது, இருபத்தைந்து.

பிறகு இறக்கையை மடியில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நடு விலாக்களுக்கு இடையில் முக்கோணமான ஒரு பித்தளைத் தகட்டை ஆணியில் சுழலும்படி பொருத்தினார். தகட்டின் இரண்டு முனையிலிருந்து இரண்டு கம்பிகளை இடது விலாக்களின் வழியே துளைத்து இறக்கை நுனிக்கு வெளியே இழுத்தார். வலது நுனியில் ஒரு ஈயக் குண்டு. ரேடியோவுக்கு விட்டிருந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

பொன்னுலிங்கத்துக்கு மெல்லப் புரிந்தது.

"டீச்சர். இது கம்பியில கட்டுற விமானம்."

"ஆமா."

"நான் நடுவுல நிக்கணும். அது என்னைச் சுத்தி வரும்."

"ஆமா."

"பயலுவ விளையாட்டு."

கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். "செக்குமாடு! எண்ணெயும் விளக்கெண்ணெய். பொருத்தமாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"டாக்டர்," என்றார் டீச்சர்.

"சும்மா சொன்னேன்."

ஆனால் பொன்னுலிங்கத்தின் முகம் இறுகிவிட்டது. அவர் இறக்கையைத் தொட்டார். அவர் வெட்டிய விலாக்கள். அவற்றின் வழியே இரண்டு கம்பிகள்.

"ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது டீச்சர். தெரியுமா? இருபத்தாறு வருஷம் நான் இடது பக்கமோ வலது பக்கமோ திருப்பினதே இல்லை. போட்ட பாதையில போனேன். அதை விட்டு வெளிய வரலாம்னுதான் இதை வாங்கினேன். இதையும் கொண்டுபோய்க் கம்பியில கட்டினா எப்படி?"

டீச்சர் கம்பியின் முனையை வளைத்துக்கொண்டிருந்தார். வளைத்து முடித்த பிறகு கேட்டார்.

"தண்டவாளத்துல மேல கீழ உண்டா?"

"கிடையாது."

"இதுல மேலயும் கீழயும் உங்க கை. அது ஒண்ணு கூடுதல்."

பொன்னுலிங்கத்துக்குக் கோபம் போகவில்லை. ஆனால் மேலே, கீழே என்று ஒரு தடவை மணிக்கட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

"சரி. அப்போ நாற்பத்தாறு போடுங்க," என்றார்.

"ஏன்?"

"சத்தம் கூடுதல். வெயில்ல கண்ணு கூசினாலும் காது இருக்கும்."

டீச்சர் எழுந்து ஒரு கைப்பிடியை எடுத்து வந்தார். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் போயின. அறுபது அடி. கைப்பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கம்பிகளின் மறுமுனையை எடுத்துக்கொண்டு ஓடுதளத்தில் நடந்தார்.

"கண்ணை மூடுங்க!"

"முக்கால்வாசி மூடித்தான் இருக்கு!"

"மிச்சத்தையும் மூடுங்க!"

அவர் மூடினார். கம்பி லேசாக விறைத்தது. ஒரு தூண்டிலில் மீன் வாய் வைத்துப் பார்ப்பது போல இருந்தது.

"நான் எங்க இருக்கேன்?"

"நேரா நிக்கீங்க."

"இப்ப?"

"இடது பக்கமா நடக்கீங்க. நின்னாச்சு."

"இப்ப?"

"உக்காந்துட்டீங்க."

"இப்ப?"

அவர் யோசித்தார். கம்பியில் ஏதோ ஒன்று தளர்ந்து உடனே சரியாயிற்று. மூச்சு விடுவது மாதிரி.

"கை மாத்தினீங்க. வலது கையில இருந்து இடது கைக்கு."

காற்று லேசாக வீசிற்று.

"டாக்டர், வாங்க," என்று டீச்சர் கூப்பிடுவது கேட்டது.

திடீரென்று கம்பி வெட்டி இழுத்தது. பொன்னுலிங்கம் இரண்டடி முன்னால் போய்க் காலை ஊன்றிக்கொண்டார். தோள்பட்டை வலித்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார்.

"இப்ப எங்க இருக்கோம்?"

"நிக்கீங்க! ரெண்டு பேரும் நிக்கீங்க!"

"இப்ப?"

"அங்கேயேதான்! இழுக்காதீங்க டீச்சர், விழுந்திருவேன்!"

"இதுதான் நாற்பத்தாறு. கண்ணைத் திறங்க."

அவர் கம்பியின் வழியே பார்வையை ஓட்டினார். நேர் எதிரே யாரும் இல்லை. கம்பி வலதுபுறம் சாய்ந்து போயிற்று. அங்கே ஓடுதளத்தின் விளிம்பில் குதிகாலை ஊன்றிக்கொண்டு டீச்சரும் கோமதிநாயகமும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டருக்கு வேர்த்திருந்தது.

பொன்னுலிங்கம் கைப்பிடியைக் கீழே வைத்தார். உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். நாற்பத்தாறைக் கையில் எடுத்தார். நல்ல கனம். ஒரு தடவை விசிறித் தண்டைச் சுழற்றிப் பார்த்தார். துணியின் ஓரத்தால் அதை மூடி வைத்தார்.

டீச்சர் வந்து நின்றார்.

"வெட்டி இழுக்கிற என்ஜினை நாங்க வண்டியில போடமாட்டோம்," என்றார் பொன்னுலிங்கம். "கப்ளிங் அறுந்திரும்."

"சின்னதுக்குச் சத்தம் குறைச்சல்."

"பரவால்ல."

"காத்து எழும்பினா கம்பி தொய்யும்."

"காத்துக்கு முந்தியே வந்திடுறேன்."

டீச்சர் இருபத்தைந்தை எடுத்து அவர் கையில் வைத்தார். ஏற்கெனவே கை சூட்டில் இருந்தது போல அது இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்தார். விமானம் சாக்குத் துணியில் சுற்றித் தோளில் இருந்தது. சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று.

பூரணத்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கும் நீருதானா?"

"ஆமா."

"எம்புட்டு தூரம் வரும் அது?"

"அறுபதடி. கம்பியில கட்டியிருக்கு. அதுக்கு மேல வராதும்மா."

"கட்டிப் போட்டாச்சா? அப்பச் சரி." அவள் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து வத்தலோடு பத்தடி பின்னால் இழுத்தாள். "இதுக்கு மேல எனக்கு முடியாது. நீரும் பாத்து ஓட்டும். முதத் தடவைன்னா எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்."

டீச்சர் அவரை வட்டத்தின் நடுவில் நிறுத்தினார். கைப்பிடியைக் கொடுத்து மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார். மறந்துபோய்க் கைவிட்டாலும் விமானம் போய்விடாமல் இருக்க.

"தலை சுத்தும். புதுசுல எல்லாருக்கும் சுத்தும். நேத்து என் பழைய கம்பி விமானத்தை டாக்டர் ஓட்டிப் பாத்தார். மூணாவது வட்டத்துல விழுந்துட்டார்."

"விழலை. உட்கார்ந்தேன்," என்றார் கோமதிநாயகம், அறுபது அடிக்கு அப்பாலிருந்து. விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் பட்டிருந்தது.

"டீச்சர், எவ்வளவு நேரம் ஓடும்?"

"தொட்டி காலியாகிற வரைக்கும். இதுல வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒண்ணும் கிடையாது. போட்டா போட்டதுதான்."

"நின்னதும்?"

"இறக்கிடுங்க."

டீச்சர் விமானத்துக்குப் போனார். குச்சியால் தட்டினார். இருபத்தைந்து உடனே பிடித்துக்கொண்டது. எரிபொருள் ஊசியைத் திருகி ஒலியைச் சரிபண்ணினார். கையை உயர்த்தினார். பொன்னுலிங்கம் தலையாட்டினார். கோமதிநாயகம் வாலை விட்டார்.

தரையில் கொஞ்சதூரம் ஓடிற்று. கம்பி தொய்ந்தே இருந்தது. ஒரு குலுக்கல். சக்கரம் தரையைவிட்டது.

கையில் விறைப்பு வந்தது. டக்.

அவர் திரும்பத் தொடங்கினார். நீட்டிய கையின் முனையில் கம்பி, கம்பியின் முனையில் சிவப்பு விமானம். அது எங்கேயும் போகவில்லை. எவ்வளவு வேகமாகப் போனாலும் பைப்புக்கு நடுவிலேயே இருந்தது. மிளகாயும் கரிசலும் கொட்டகைச் சுவரும் அதற்குப் பின்னால் ஓடின. தலை சுற்றவில்லை. மற்றவர்களுக்குச் சுற்றும் உலகம் அவருக்குப் பைப்புக்கு வெளியே கிடந்தது.

மணிக்கட்டைத் தூக்கினார். விமானம் ஏறிற்று. இறக்கினார். இறங்கிற்று. இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

"போதும் அண்ணாச்சி!" என்று கோமதிநாயகம் கத்தினார்.

"யாருக்குப் போதும்?" என்று பொன்னுலிங்கம் கத்தினார்.

பூரணத்தம்மாள் கிளறுவதை விட்டுவிட்டுப் பார்த்தாள். டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு வட்டத்துக்கு வெளியே நின்றார்.

ஒவ்வொரு வட்டத்திலும் ஓரிடத்தில் விமானம் சூரியனுக்குள் போயிற்று. அங்கே கண் கூசி எல்லாம் வெள்ளையாகிவிடும். சத்தம் அவர் கையைப் பிடித்து அந்த வெள்ளையைத் தாண்டவைக்கும். மறுபக்கம் சிவப்பு தெரியும். எட்டாவது வட்டம். ஒன்பதாவது. பிறகு எண்ணவில்லை. பாடவேண்டும் போல இருந்தது.

விமானம் சூரியனுக்குள் போயிற்று.

என்ஜின் ஒரு தடவை இருமியது. நின்றது.

ஓடுதளம் முழுக்க அப்படி ஓர் அமைதி. தூரத்தில் விலக்கில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. பொன்னுலிங்கத்துக்கு எதிரே வெள்ளை. அவர் கண்ணைச் சிமிட்டினார். வெள்ளைக்குள் பச்சை வட்டங்கள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வானம். வானம்.

"டீச்சர்!"

"என்ன?"

"சத்தம் நின்னுபோச்சு! எங்க இருக்கு? எனக்குத் தெரியலை டீச்சர், எங்க இருக்கு?"

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். டீச்சர் அவர் தோளில் கை வைத்தார். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"என்னை எதுக்குக் கேக்கீங்க அண்ணாச்சி? கையைக் கேளுங்க."

பொன்னுலிங்கம் பேச்சை நிறுத்தினார். கை மட்டும் கம்பியின் விறைப்போடு திரும்பிக்கொண்டே இருந்தது.